ஒரு பொம்பளைப் பேர் குறைகிறது

இந்தக் கட்டிலில் உட்காருங்க அக்கா, ஜன்னல் பக்கம் கொஞ்சம் காற்று வரும். செல்போனை வேனிலேயே வாங்கியிருப்பார்கள். டப்பாவில் போட்டு, மேலே பேர் எழுதி ஒட்டினார்களா? அப்படியானால் பத்திரமாக இருக்கும். போன தடவை எனக்குத் திருப்பிக் கொடுத்தபோது சார்ஜ்கூட ஏற்றித்தான் கொடுத்தார்கள். அந்த விஷயத்தில் இவர்களைக் குறை சொல்ல முடியாது.

வயதில் நீங்கள் எனக்கு இளையவர் போலத் தெரிகிறது. இருந்தாலும் அக்கா என்றுதான் வாயில் வருகிறது. எனக்கு யாரைப் பார்த்தாலும் அக்காவும் அண்ணனும்தான். என் பேர் காளீஸ்வரி. ஊர் சாத்தூருக்குக் கிழக்கே.

அழாதீங்க. மாராப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு படியேறினீர்களே, அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளைக்கு எத்தனை மாதம்? நாலா? நாலு மாதம். சரி. பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் சரியில்லை, நான் வெளியே நின்றுகொள்கிறேன். துண்டை வெந்நீரில் நனைத்து ஒத்தடம் கொடுத்தால் இளகும். கல்லாகும்வரை விடக்கூடாது. விட்டால் காய்ச்சல் வரும். எனக்கு வந்தது.

நான் இவ்வளவு பேசுகிறவளே இல்லை. எங்கள் வீட்டில் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் இதைச் சொல்ல எனக்கு ஆள் கிடைத்ததே இல்லை, பாருங்க.

இப்போது நடக்கப் போகிறது மாவட்டச் செயலாளர் தேர்தல் இல்லையா. போன தடவை நடந்தது ஒன்றியச் செயலாளர் தேர்தல். அப்போதும் குற்றாலம்தான், இதே லாட்ஜ்தான், இதே மாடிதான். ஓட்டுப் போடுகிற பிரதிநிதிகளை அடுத்த அணிக்காரர்கள் இழுத்துக்கொண்டு போய்விடக்கூடாது என்று, தேர்தல் அன்றைக்கு மண்டபத்தில் இறக்கிவிடும்வரை வைத்திருப்பார்கள். அடுத்த அணி என்றால் வேறு கட்சி இல்லை. நம் கட்சிதான். அது எனக்குப் புரியவே இரண்டு நாள் ஆயிற்று.

எங்கள் ஊர்க் கிளைக்கு எங்கள் வீட்டுக்காரர்தான் செயலாளர். மாரிக்கனி என்றால் கட்சியில் எல்லோருக்கும் தெரியும். பேரைச் சொல்லிவிட்டேன் பாருங்க, அத்தை கேட்டால் தொலைந்தேன். கிளையிலிருந்து ஒன்றியத்துக்கு அனுப்புகிற பிரதிநிதிகளில் ஒரு பொம்பளை கட்டாயம் இருக்கணும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்களாம். வெளியில் போய் யாரைக் கேட்பது, வீட்டிலேயே ஒரு ஆள் இருக்கும்போது? ரசம் கூட்டிக்கொண்டிருந்தேன். மினிட் நோட்டை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார். நான் ஏழாம் வகுப்புப் பாதியில் நின்றவள். அப்புறம் வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டினேன். ஆனால் கையெழுத்து நன்றாகப் போடுவேன். எதுக்கு என்று கேட்டேன்.

“ஒனக்கு ஒரு வேலையும் கெடையாது. பேரு மட்டுந்தான்” என்றார்.

கை ஈரமாக இருந்ததால் மை கொஞ்சம் பரவிவிட்டது. அதற்குத் திட்டினார். மற்றபடி ஒன்றுமில்லை.

என் பேர் நோட்டீஸில் வந்தது. கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு அச்சில் அதில்தான் வந்தது. அழகாக இருந்தது, பொய் சொல்வானேன்.

ஒன்றியச் செயலாளர் பதவிக்குக் கொம்பையா அண்ணாச்சியும் சீனிராஜும் போட்டி. நாங்கள் அண்ணாச்சி பக்கம். மொத்தம் எழுபத்தொரு ஓட்டு. இந்தப் பக்கம் முப்பத்தஞ்சு, அந்தப் பக்கம் முப்பத்தஞ்சு என்று எங்கள் வீட்டுக்காரர் விரல்விட்டு எண்ணுவார். மிச்சம் ஒன்று நானாம். என் ஓட்டில்தான் எல்லாம் நிற்கிறதாம். அப்புறம் இங்கே வந்து பார்த்தால், என் அறையில் இருந்த ரெஜினா அக்காவிடமும் அதையேதான் சொல்லியிருந்தார்கள். எதிர் அறையில் இருந்த இரண்டு பேரிடமும் அதையேதான். உங்களிடமும் சொன்னார்களா? பார்த்தீர்களா.

அன்றைக்குக் காலையில் காலை நீட்டிப் பிள்ளையைப் படுக்கப் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். தன்ஷிகா அப்போது ஏழு மாதம். வேன் வந்து வாசலில் நின்றது. எங்கள் வீட்டுக்காரர், கூட்டம், மத்தியானத்துக்குள் வந்துவிடலாம் என்றார். பிள்ளையையும் தூக்கிக்கொள்கிறேன் என்றேன். வேனில் இருந்த இசக்கி அண்ணன் பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார். எப்போதோ ஒரு தடவை ஒரு பிள்ளைக்கு இங்கே சளி பிடித்து, அதன் அப்பன் ரோட்டில் நின்று சத்தம் போட்டு, விஷயம் பேப்பர்காரன் வரைக்கும் போய்விட்டதாம். அதிலிருந்து பிள்ளை கூடாது. அண்ணாச்சி உத்தரவு.

எண்ணெய்க் கையோடுதான் ஏறினேன். வீட்டுச் சேலை. அத்தை பிள்ளையைக் குளிப்பாட்டத் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கள் வீட்டுக்காரருக்குக் கண் கலங்கியதை நான் பார்த்தேன். மத்தியானம் வரப்போகிறவளுக்கு யாராவது கண் கலங்குவார்களா? அவ்வளவு பாசம்.

சாத்தூர் தாண்டியும் வேன் நிற்கவில்லை. சிவகாசி போகிறோம் என்றார்கள். சிவகாசியும் தாண்டியது. அப்புறம் மலை தெரிய ஆரம்பித்தது. எல்லோரும் ஜன்னல் வழியே மலையைப் பார்த்தோம்.

இரண்டு நாள் என்றார்கள். சென்னையிலிருந்து வரவேண்டிய தேர்தல் பொறுப்பாளர் வீட்டில் ஏதோ விசேஷம் என்று நாலு நாள் ஆகிவிட்டது. சாப்பாட்டுக்குக் குறை சொல்ல முடியாது. காலையில் பொங்கல், மத்தியானம் கறி, சாயங்காலம் பஜ்ஜி. அருவிக்கு ஐந்து ஐந்து பேராகக் கூட்டிப் போய், குளித்து முடித்ததும் எண்ணிப் பார்த்து ஏற்றிக்கொண்டு வந்தார்கள். நான் போகவில்லை. அந்த ஈரத்தோடு எல்லார் முன்னாலும் எப்படி நிற்பது?

முதல் நாள் சாயங்காலமே நெஞ்சு கனத்துவிட்டது. மறுநாள் விடியும்போது கை வைக்க முடியவில்லை. ரெஜினா அக்காதான் துண்டை நனைத்துக் கொடுத்தார்கள். நாலு பிள்ளை பெற்றவர்கள், பேரன்கூட இருக்கிறான். “வெக்கப்படாத புள்ள, தாய்க்கு முன்னால என்ன வெக்கம்” என்று சொல்லி, எப்படிப் பிழிந்து விடணும் என்று காட்டினார்கள். பாத்ரூமில் வாஷ்பேசினில் விட்டுவிட்டுக் குழாயைத் திறப்பேன். வெள்ளையாகப் போகும். அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

இசக்கி அண்ணனிடம் இதை எப்படிச் சொல்வது, சொல்லுங்க. அவர் ஆம்பளை. பிள்ளைக்குப் பசிக்கும் அண்ணே என்று மட்டும் சொன்னேன். அதற்கு அவர், “பால் பவுடர் டின்னு அப்பவே வாங்கிக் குடுத்தாச்சும்மா, ஒங்க வீட்டுக்காரர்தான் வந்து வாங்கிட்டுப் போனாரு” என்றார். அப்போதுதான் ஞாபகம் வந்தது. வேன் வருவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே அலமாரியில் ஒரு புது டின் இருந்தது. பக்கத்தில் புட்டியும் இருந்தது. அத்தைக்கு டீ போட என்று நினைத்துவிட்டேன். எவ்வளவு முன்யோசனை பாருங்க அவருக்கு. அவசரம் ஆபத்து என்றால் இருக்கட்டும் என்று வாங்கி வைத்திருக்கிறார். ரெஜினா அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர்கள் போர்வையை எடுத்து என் மேல் போட்டுவிட்டு, “நீ படுத்துத் தூங்கு” என்றார்கள்.

ரெஜினா அக்காவுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. எங்கள் வீட்டுக்காரருக்கும் ஓட்டு உண்டு, ஆனால் அவரை இங்கே அடைக்கவில்லை. அண்ணாச்சிக்கு நம்பிக்கையான ஆள், வெளியே அலைகிற வேலை அவருக்கு. அதைச் சொன்னதற்கு ரெஜினா அக்கா, “நம்பிக்கையான ஆளா? ஒன் வீட்டுக்காரன் சீனிராஜ் வீட்டுக்கும் போய்ட்டு வந்தான்ல. அவன் கயிறு அறுத்துக்கிட்டு ஓடிறக் கூடாதுன்னுதான் ஒன்னய இங்க கட்டிப் போட்டுருக்காங்க” என்றார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் சீனிராஜ் வீட்டுக்குத் துட்டி கேட்கத்தான் போனார். சீனிராஜின் சித்தப்பா செத்துப்போயிருந்தார். மூன்று தடவை போனார் என்றால், பாசக்காரர், அதனால் போனார்.

தினமும் சாயங்காலம் ஒரு தடவை போன் பேசவிட்டார்கள். ஸ்பீக்கரில் போட்டு, இசக்கி அண்ணனும் மற்றவர்களும் சுற்றி இருக்கும்போது பேசணும். இரண்டாம் நாள் என் முறை வந்தது. அத்தை எடுத்தார்கள். நல்லா இருக்கியா, சாப்பிட்டியா என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே பின்னால் பிள்ளை அழுதாள். பசி அழுகை. அது தனியாகத் தெரியுமே, உங்களுக்கும் தெரியும். அந்தச் சத்தம் கேட்டதுதான். ஐந்தாறு ஆம்பளைகள் முன்னால், அக்கா, என் சேலை முழுக்க... இசக்கி அண்ணன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். ஒருத்தர் ஃபேனை நிறுத்தினார், எதற்கென்றே தெரியாமல். நான் போனைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன். அதற்குப் பிறகு என் முறை வந்தபோது, வேண்டாம், நேற்றுத்தானே பேசினேன் என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாம் நாள் சத்தியம் வாங்கினார்கள். தட்டில் கற்பூரம் ஏற்றி, ஒவ்வொருவராகக் கையால் அடித்து அணைக்கணும். ரெஜினா அக்கா நான் வேதக்காரி, பைபிளில்தான் கை வைப்பேன் என்றார்கள். பைபிளுக்கு எங்கே போவது? ஒருத்தர் செல்போனில் பைபிளை எடுத்து நீட்டினார். அக்கா கையை வைத்ததும் வேறு பக்கத்துக்கு ஓடியது, எடுத்ததும் செல்போன் திரையே அணைந்துபோனது. சத்தியம் செல்லுமா செல்லாதா என்று ஆம்பளைகளுக்குள் பெரிய விவாதம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இங்கே நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அப்புறம் ஓட்டுச் சீட்டு மடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். உங்களுக்கும் நாளைக்குச் சொல்லித் தருவார்கள். எல்லோரும் ஒரே மாதிரி மடித்தால் யார் மாற்றிப் போட்டது என்று தெரியாதாம். அதனால் ஒவ்வொரு அறைக்கும் ஒரு மடிப்பு. எங்கள் அறைக்கு மூன்றாக மடித்து ஓரத்தை உள்ளே சொருகணும். நான் தீப்பெட்டி ஒட்டினவள் இல்லையா. ஒரே தடவையில், நகத்தால் கீறினது மாதிரி மடித்தேன். இசக்கி அண்ணன் எல்லோருக்கும் தூக்கிக் காட்டி, “அவங்கவங்க மடிப்ப காளீஸ்வரி மாதிரி சுத்தமா மடிங்க” என்றார். நாலு நாளில் எனக்கு ஆறுதல் என்றால் அதுதான். அன்றைக்கு எல்லோருக்கும் அவரவர் அறை மடிப்பை நான்தான் சொல்லிக் கொடுத்தேன். வெறும் தாளாக ஒரு நோட்டு முழுக்கத் தீர்ந்துபோயிற்று.

நாலாம் நாள் கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். அந்தப் பக்கத்து ஆட்களும் வேனில் வந்து இறங்கினார்கள். அவர்கள் கொடைக்கானலாம், எல்லோரும் ஸ்வெட்டரோடு வந்தார்கள். உட்கார்ந்தோம், உட்கார்ந்தோம், வெயில் ஏறிவிட்டது. பெட்டியைக் காணோம், சீட்டைக் காணோம். மத்தியானம் சென்னைக்காரர் மேடை ஏறினார். தலைமையின் விருப்பப்படி கழகத்தின் ஒற்றுமை கருதி என்று ஆரம்பித்தார். கொம்பையா அண்ணாச்சி ஒருமனதாக ஒன்றியச் செயலாளர். சீனிராஜுக்கு மாவட்டத்தில் வேறு பதவி. இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் பொன்னாடை போட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எல்லோரும் கைதட்டினோம். ஸ்வெட்டர்காரர்களும் தட்டினார்கள்.

ஓட்டு இல்லையா என்று நான் ரெஜினா அக்காவிடம் கேட்டேன். “இருந்தாத்தான் நாம ஆச்சரியப்படணும், எனக்கு இது மூணாவது தடவை” என்றார்கள். என் கை மட்டும் மடியிலிருந்த நோட்டீஸை மூன்றாக மடித்து ஓரத்தைச் சொருகிக்கொண்டே இருந்தது.

எங்கள் வீட்டுக்காரருக்கு இளைஞர் அணியில் துணை அமைப்பாளர் கொடுத்தார்கள். பேர் வாசித்தபோது அவர் என்னைத் தேடிப் பார்த்தார் என்று நினைக்கிறேன், கூட்டத்தில் சரியாகத் தெரியவில்லை. கடைசியாக மாவட்டப் பிரதிநிதிகள் பட்டியல் வாசித்தார்கள். வாசித்துக்கொண்டே வந்து, ஒரு பொம்பளைப் பேர் குறைகிறதே என்று சென்னைக்காரர் நிறுத்தினார். பின்னாலிருந்து எங்கள் வீட்டுக்காரர்தான் சத்தம் போட்டார்:

“காளீஸ்வரின்னு போட்டுக்கோங்கண்ணே.”

கைதட்டிவிட்டார்கள். அவ்வளவுதான். அப்படித்தான் அக்கா இப்போதும் இங்கே இருக்கிறேன்.

வீட்டுக்குப் போனேன். கை கால்கூடக் கழுவாமல் பிள்ளையை வாங்கினேன். என் முகத்தைப் பார்த்தாள், சிரித்தாள். மடியில் போட்டேன். வாயை வைத்தாள், ஒரு இழுப்பு இழுத்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்தினாள். திரும்பத் திரும்ப வைத்தேன். அத்தை புட்டியைக் கொண்டுவந்து கொடுத்ததும் அழுகை நின்றுபோனது. “பவுடர் பாலுல புள்ள எப்படிக் கொழுத்துருக்கா பாரு” என்றார்கள் அத்தை. உண்மைதான், கன்னத்தில் சதை வைத்திருந்தது. பன்னிரண்டு நாள் விடாமல் முயற்சி செய்தேன். தூக்கத்தில் கொடுத்துப் பார்த்தேன், சர்க்கரைத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். அப்புறம் எனக்கும் வற்றிவிட்டது. அதைப் பற்றி எங்கள் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிளெக்ஸ் போர்டு வைக்கிற வேலையில் அலைந்துகொண்டிருந்தார். போர்டில் அவர் படம் ஓரத்தில், தீப்பெட்டி அளவுக்கு. நன்றாகத்தான் இருந்தது.

ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். ரெஜினா அக்காவிடம்கூட இதைச் சொன்னதில்லை.

அந்த மூன்றாம் நாள் மத்தியானம் வெந்நீர் வாங்கக் கீழே போனேன். சமையல்கட்டுக்கு அந்தப் பக்கம் சின்னதாக ஒரு கேட் இருக்கிறது. ஆம்பளைகள் எல்லோரும் சாப்பாட்டில் இருந்தார்கள். இசக்கி அண்ணன் கோழிக்கறி என்றால் தலையைத் தூக்க மாட்டார். கேட்டில் பூட்டு இல்லை அக்கா. சும்மா கொண்டிதான் போட்டிருந்தது. எடுத்தேன், திறந்தது. எதிரே ரோட்டில் தென்காசி டவுன் பஸ் நின்றது, ரோஸ் கலர் பஸ், பொம்பளைகளுக்கு டிக்கெட் இல்லாதது. காசு இல்லை என்று சாக்குச் சொல்லக்கூட வழியில்லை. டிரைவர் இறங்கி டீ குடித்துக்கொண்டிருந்தார். பத்து எட்டு வைத்தால் பஸ்.

நான் திரும்ப மூடிவிட்டேன். சத்தம் வராமல் மூடினேன்.

ஏன் என்று கேட்காதீங்க. கற்பூரத்துக்குப் பயந்து என்று ஒரு நாள் தோன்றும். ஆனால் சத்தியம் வாங்கினது சாயங்காலம்தான், இது மத்தியானம். அவர் தலைகுனிந்து நிற்கக்கூடாது என்று ஒரு நாள் தோன்றும். பூட்டியிருந்தால் நன்றாக அழுதுவிட்டு மாடிக்கு வந்திருப்பேன். திறந்திருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

கீழே இலை போடுகிற சத்தம் கேட்கிறதா? இன்றைக்கும் கோழிதான், காலையிலேயே உரித்துக்கொண்டிருந்தார்கள். இந்த நடையின் கடைசியில் ஒரு படி இருக்கிறது, அது நேராகச் சமையல்கட்டுக்குப் போகும், அதைத் தாண்டினால் அந்தக் கேட். செருப்பைக் கையில் எடுத்துக்கோங்க. காசை மட்டும் இடுப்பில் சொருகிக்கொண்டு பையை விட்டுவிடுங்க, பை இங்கே இருந்தால் ஆளும் இருக்கிறது என்று நினைப்பார்கள். செல்போன் போனால் போகட்டும். தென்காசியில் இறங்கி ராஜபாளையம் பஸ் எங்கே என்று கேளுங்க. யாராவது பொம்பளைகளாகப் பார்த்துக் கேளுங்க.

இசக்கி அண்ணன் வந்து கேட்டால் பாத்ரூமில் இருக்கிறார்கள் என்பேன். ரொம்ப நேரம் ஆயிற்றே என்றால், பால் கட்டியிருக்கிறது அண்ணே, பிழிந்து விடுகிறார்கள் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அன்றைக்கு எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. இன்றைக்கு வரும்.

நானா? நான் வரவில்லை அக்கா. இந்தத் தடவை எங்கள் வீட்டுக்காரருக்கு மாவட்டத்தில் ஏதோ கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் போய்விட்டால் அவர் யார் முகத்தில் விழிப்பார்? தன்ஷிகாவும் இப்போது அத்தையிடமே தூங்கிவிடுகிறாள். நான் வேனில் ஏறும்போது அவளே டாட்டா காட்டினாள், சிரித்துக்கொண்டு.

உங்களுடையது நாலு மாதம்தானே. இன்னும் தேடும். போங்க.